உருளையில் ஒட்டிய குங்குமம்

ரப்பர் விலை விழுந்த வருஷம், கிள்ளானுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரும் போனார். ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் உருட்டும் வேலை எனக்கு இருந்ததால் நான் மட்டும் தங்கினேன். விலை ஏறட்டும், திரும்பக் கூப்பிடுகிறேன் என்றார் துரை. சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

விலை மெல்ல ஏறியது. உடனே கவர்ன்மெண்டுக்கு ஞானம் வந்துவிட்டது. சுமத்ரா ரப்பர் நம்மை முந்திவிடும், அழுக்கு ஷீட் இனிக் கப்பலேறக் கூடாது என்று தோட்டம் தோட்டமாக அதிகாரிகளை அனுப்பினார்கள். எங்கள் ஷீட் முதல் தரமாகத் தேறினால் ஆட்களைத் திரும்ப எடுப்பதாகத் துரை சொன்னார். அன்று நான் ஸ்டோரைக் கழுவிய கழுவலில் தரையே தேய்ந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. ஷீட் உருட்டும் மிஷின் உருளைக்குச் சந்தனம் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். சாமிக்கு வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? மறுநாள் அப்படியே உருட்டினோம்.

சில நாள் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸிலிருந்து ஷீட்டைச் சோதிக்கத் தமிழ் அதிகாரி ஒருவர் வந்தார். புகை போட்டு எடுத்த ஷீட்டை வெயிலுக்கு நேரே பிடித்தார். தேன் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. நடுநடுவே செம்புள்ளி.

"என்னம்மா இது?"

"குங்குமங்க. மிஷினுக்குப் பூஜை போட்டோம்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சாமி ஏத்துக்குவாரு, சீமைக்காரன் ஏத்துக்க மாட்டான்மா. நல்லாத் தொடச்சிட்டு உருட்டுங்க. அடுத்த மாசம் வரேன்."

உருளையின் வரிப்பள்ளங்களில் குங்குமம் அப்பிக் கிடந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என் கையில் துணியைத் திணித்தார். எனக்குக் கை எழவில்லை. புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம். கடுதாசி வந்தே மாதக்கணக்காகிறது. என் கையால் குங்குமத்தை அழிப்பதா? "நான் மாட்டேங்க. வேணும்னா நீங்க தொடைங்க."

"அது ஒண்ணுதான் எனக்குக் கொறச்சல்!" என்று குதித்தார் கிராணி. மற்ற பெண்களும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். துடைக்காவிட்டால் என் வீட்டுக்காரர் வரமாட்டார். துடைத்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ?

ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்கு விறகு போடும் அக்கா எழுந்து வந்தாள். விலை விழுந்த வருஷமே காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"நீ அந்தாண்ட போய் நில்லு தங்கச்சி. எனக்கென்ன இனிமே, நான் தொடைக்கிறேன்."

பள்ளம் பள்ளமாகத் துடைத்தாள். நான் சுவரைப் பார்த்து நின்று ஓவென்று அழுதேன்.

"ஐயோ, மூக்கைச் சிந்திப் பால்ல விட்டுடாதடி. அதுக்கும் அந்த ஐயா வந்து நிப்பாரு," என்றாள்.

ஷீட் தேறியது. துரையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

துறைமுகத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரி வந்த அன்று, எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் எல்லாரும் கூடியிருந்தோம். அக்கா மட்டும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றாள். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் தன் முகத்தில் முழிக்கக் கூடாதாம். எனக்கு வந்ததே கோபம்! கையைப் பிடித்து இழுத்து வந்து எனக்கு முன்னால் நிறுத்தினேன்.

"வேணாம்டி, சனம் பேசும்."

"பேசட்டும்."

லோரியின் பின்பலகையை இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான்.