அடக்கி வைத்த மூச்சு

என் மேசை இழுப்பறையில் வெள்ளை பிளாஸ்டிக் வாய்க்குழாய் ஒன்று கிடக்கிறது. கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். பல் பட்ட இடம் மட்டும் லேசாக நெளிந்திருக்கும். எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும், வந்த நாளை எழுதி வைத்து ஒட்டுவது என் வழக்கம். இதன் மேலும் ஒரு சிறு தாள் இருக்கிறது: ஆவணி, மூன்றாம் வெள்ளி.

கொரோனா வந்து மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து மீண்ட பெரியப்பாவை, வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அவருக்கோ தங்கவயலுக்குத் திரும்பி, முன்போலத் தன் வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்பதே நினைப்பு. நுரையீரல் படம் தெளிந்துவிட்டது என்றார் மருத்துவர். ஆனாலும் குளியலறை வரை நடந்தாலே இரைத்தது. மூச்சை இழுக்கும் தசைகளுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் தனியாக விடலாமா என்று சொல்ல முடியும் என்றார்.

அளப்பது எளிய காரியம்தான். மூக்கில் ஒரு கிளிப். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் விட்டுவிட்டு, மறுமுனை அடைத்த வாய்க்குழாயைக் கவ்விக்கொண்டு முழு பலத்தோடு இழுக்க வேண்டும். காற்று வராது, இழுத்த பலம் திரையில் எண்ணாகத் தெரியும். நோயாளி மனது வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கிளினிக்கில் பிசியோதெரபி செய்யும் பெண், "அங்கிள், இன்னும் ஸ்வல்ப ஜோரா! இழுங்க, இழுங்க!" என்று கன்னடம் கலந்து கூவினார். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. எண் மிகக் குறைவு.

"உன் மிஷினுக்குத்தாம்மா மூச்சு வாங்குது," என்றார் அவர்.

எனக்கு முதலில் கிளினிக்கின் மேல்தான் சந்தேகம். எண் குறைந்தால் இன்னும் சில மாதங்களுக்கு அவர்களுக்கு வருமானம் அல்லவா?

திரும்பும்போது சிக்னலில் கார் நின்றது. பெரியப்பா என் காதருகே குனிந்தார். "முழுசா இழுக்கலடா. அடக்கித்தான் வச்சேன்."

தங்கவயல் சுரங்கத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில், மார்புச் சோதனைக்குப் போனால் முழு பலத்தோடு ஊதக் கூடாது என்று ஒரு வழக்கமாம். நன்றாக ஊதினால் தூசி நோய் இல்லை என்று சொல்லி நஷ்ட ஈடு தர மாட்டார்கள் என்ற பயம். பயம் சரியோ தவறோ, 'மிஷினுக்கு முழு மூச்ச குடுத்துராத' என்பது அங்கே பழமொழிபோல ஆகியிருந்தது.

"அது அங்க. இங்க நல்லா இழுத்தாதானே உங்கள ஊருக்கு விடுவாங்க?"

"பழகிப்போச்சுடா. இன்னா பண்ணச் சொல்ற?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குப் போகத் துடிக்கிறவர் எதற்காக அடக்க வேண்டும்? கிளினிக்கின் மேல் இருந்த சந்தேகம் காருக்குள் ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வெள்ளி அந்தப் பெண்ணிடம் தனியாக விஷயத்தைச் சொன்னேன். "அப்போ வேற வழி இருக்கு சார்," என்று சிரித்துவிட்டு அவரிடம் போனார். "அங்கிள், மூக்குப்பொடி போடுவீங்களா?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேந்து. உங்க டாக்டருதான் புடுங்கிட்டாரு."

ஒரு நாசியில் மெல்லிய குழாய் கோத்த மெத்தென்ற அடைப்பானைப் பொருத்தினார். "கையில பொடி இருக்குன்னு நெனச்சுக்கோங்க. சர்ருனு ஒரு இழுப்பு!"

பெரியப்பாவின் விரல்கள் தாமாகச் சேர்ந்தன. கண்கள் மூடின. ஆயுள் முழுக்கப் பழகிய இழுப்பு. அதில் அடக்குவதற்கு இடமே இல்லை. ஆசை ஆசையாகத்தான் இழுத்தார். அந்தப் பெண் மறுபடியும் இழுக்கச் சொன்னார், பெரியப்பா மறுபடியும் இழுத்தார். எண் பழைய இடத்தை விட்டு நகரவில்லை.

அந்தப் பெண் இப்போது சிரிக்கவில்லை. திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

காரில் பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதுலயும் அடக்கிட்டேன், பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் பெரியப்பா. சரியான கேடி நீங்க."

சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு பாதியிலேயே இரைப்பாக மாறியது.

அன்று அந்த வாய்க்குழாயை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அதை ஒரு பயிற்சிக் கருவியில் மாட்டி, தினமும் காலையும் மாலையும் அது கொடுக்கும் தடையை மீறிப் பெரியப்பா மூச்சை இழுத்தார். தை பிறந்தபோது எண் ஏறியிருந்தது. மருத்துவர் அரைமனதாகச் சம்மதித்தார். "இனிமே இது எதுக்கு?" என்று வாய்க்குழாயை என் மேசையில் வைத்துவிட்டுப் பெரியப்பா ஊருக்கு ரயில் ஏறினார்.

ஞாயிறுதோறும் அங்கிருந்து அழைக்கிறார். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "நெறைய இருக்குடா, அடக்கி வச்சிருக்கேன்." நான் இழுப்பறையைத் திறந்து வாய்க்குழாயைக் கையில் எடுத்துக்கொள்வேன். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, சொல்லும்போது எந்த இடத்தில் மூச்சுக்காக நிற்கிறார் என்பதையே கேட்பேன்.

சென்ற ஞாயிறு, "நெறைய" என்றவர் அங்கேயே நின்றார். "இருக்குடா" சற்றுப் பிந்தி வந்தது.

"சரி பெரியப்பா," என்றேன். வாய்க்குழாயை மேசையில் வைத்துவிட்டு, கார் சாவியை எடுத்தேன்.