காதை அடைத்துக் காத்த கர்த்தர்

1953 கிறிஸ்துமஸ் லீவில்தான் எங்களுக்கு அந்தச் சோதனை வந்தது. என் கணவர் விமானப்படையில் டக்கோட்டா விமானம் ஓட்டுகிறவர். லீவில் வந்து தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியவரைப் பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஞாயிறு ஆராதனையில் ஆர்மோனியம் நின்ற பிறகும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். சபையே பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டில் கேட்டேன். மணிக்கணக்காக எஞ்சின் இரைச்சலில் உட்கார்ந்து, காதில் எப்போதும் ரீங்காரமாம். லீவு முடிந்ததும் மெடிக்கல் போர்டு பரிசோதனை. காது தேறாவிட்டால் இனிப் பறக்கவே முடியாது. மலை உச்சிகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய்ப் போடுகிற மனுஷன், குழந்தையைப் போல அழுதார். "ஆண்டவரே, அவர் காதைத் திறந்துவிடும்" என்று உபவாசமிருந்து கேட்டேன்.

காது டாக்டரிடம் போனோம். "ஓய்வு கொடுத்தா கொஞ்சம் கொஞ்சமா கேள்வி திரும்பும். ஆனா இனி வெறும் காதோட பறக்கண்டாம். சும்மா பஞ்சு போராது, வாசலின்ல முக்கி அடச்சு வையுங்க" என்றார்.

இவருக்குக் கோபம். "காதை அடச்சா ரேடியோவுல சொல்லுதது எப்பிடி டாக்டர் கேக்கும்? கூட உள்ளவனுவ பயந்தாங்கொள்ளிம்பானுவ."

"சத்தமுள்ள இடத்துல வச்சுப் பாத்திட்டுப் பறையுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

மறுநாள் ஜெபிக்கும்போது ஆரியசாலையில் என் அண்ணன் நடத்தும் நெல் மில் ஞாபகம் வந்தது. அந்த நினைப்பைத் தந்தவர் கர்த்தரே. கெஞ்சிக் கூட்டிப்போனேன். மில் ஓடுகிறது. நான் ஊர்ப் பெயர்களாகக் கத்துகிறேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், மில்லில் எல்லோரும் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். வெறும் காதில் இவருக்குப் பாதிக்கு மேல் தப்பு. பஞ்சு வைத்துக்கொண்டதும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார்.

"இரைச்சல் அமுங்கிப் போச்சுட்டி. உன் சத்தம் தெளிவாட்டு கேக்குது" என்றார். திறக்கச் சொல்லிக் கேட்டேன், கர்த்தர் அடைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

லீவு முழுவதும் வீட்டில் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டோம். ரீங்காரம் தணிந்தது. போர்டில் தேறினார். இப்போது மற்ற பைலட்டுகளுக்கு முன்னாலேயே பஞ்சை எடுத்து வைத்துக்கொள்கிறார். முதலில் கேலி செய்தவர்கள் இன்று அவரிடமே பஞ்சு வாங்குகிறார்களாம். அந்த மலைகளில் அவர் புயலுக்குள் பறந்திருப்பதைவிட இந்தத் தைரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் பாரம் இருந்தால் அவரிடம் கேளுங்கள். நாம் நினைத்த வழியில் பதில் வராவிட்டாலும் நம்புங்கள். போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளைப் பார்க்க இவரும் லீவில் வந்திருக்கிறார். தொட்டிலில் அவள் லேசாக முனகினாலும், எனக்கு முன்னால் அவர்தான் எழுந்து போகிறார்.