லீவர் விழுந்த சத்தம்

பேச்சியம்மாளைக் கொன்றவன் நான். அவள் புருஷன் செல்லப்பாண்டி அல்ல.

போடியில் யாரைக் கேட்டாலும் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். கவனமில்லாமல் வண்டி ஓட்டிக் கட்டினவளையே பறிகொடுத்தவன் என்பார்கள். அவனும் அப்படித்தான் நம்புகிறான். அந்த நம்பிக்கையை அவன் தலையில் ஏற்றி வைத்தவன் நான்!

நான் ஜீப்பு மெக்கானிக். குரங்கணிக்குப் போகும் சாலையில் பட்டறை. ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் உரமும் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகள்தாம் என் பிழைப்பு. இந்த வண்டிகள் சமதரையில் பின்சக்கரங்களின் பலத்தில் மட்டும் ஓடும். சேறும் ஏற்றமும் வந்தால், டிரைவர் காலடியில் இருக்கும் சின்ன லீவரை முன்னால் தள்ளுவார். முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். லீவர் விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். மலையில் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம்தான் தைரியம்.

அந்தச் சத்தத்தை மறந்துவிடாதீர்கள். நான் செய்த பாவம் அதில்தான் இருக்கிறது.

செல்லப்பாண்டி எனக்குப் பங்காளி, தம்பி முறை. அவனைப் போல நிதானமான டிரைவரை நான் பார்த்ததில்லை. வழுக்கலான வளைவென்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவன் காதிலேயே வாங்கமாட்டான். அப்படிப்பட்டவனைத்தான்...

அன்று அவன் ஓட்டிய தோட்டத்து ஜீப்பில் எண்ணெய் ஒழுகியது. நாலு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து ஒழுக்கு.

“அண்ணே, வெரசா முடிச்சுக் குடுங்க. நாளைக்கு ஆள் ஏத்தணும். காய் எடுக்கிற சோலி தலைக்கு மேல கெடக்கு” என்றான்.

“இந்தப் பெட்டியப் பிரிக்க இந்த ஊர்ல என்னைய விட்டா எவன்டா இருக்கான்? போயி டீயக் குடிச்சிட்டு வா.”

பட்டறையில் நாலைந்து டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவன் இதே மாதிரிப் பெட்டியைப் பிரிக்கப் போய் உள்ளிருந்த சாமானை உடைத்துவிட்டான் என்று அப்போதுதான் அவர்களிடம் சொல்லிச் சிரித்திருந்தேன்.

லீவரையும் முன்சக்கரப் பல்லையும் இணைப்பது கவட்டை போன்ற ஓர் இரும்பு. போர்க் என்போம். அதன் ஆணி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். வார்ப்பு இரும்பு அடி தாங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! நன்றாகத் தெரியும். ஆனால் நான்கு பேர் பார்க்கிறார்களே... சுத்தியலை எடுத்து ஓங்கி ஒன்று வைத்தேன்.

போர்க் இரண்டாய் உடைந்து கையில் வந்தது. வண்டிக்கடியில் நடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் அதைக் கந்தல் துணிக்குள் சுருட்டி வைத்தேன்.

போடியில் அந்தச் சாமான் கிடைக்காது. மதுரைக்குச் சொல்லிவிட்டு, பஸ்சில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “தம்பி, உடைச்சிட்டேன். சாமான் வர்ற வரைக்கும் முன்வீல் இழுக்காது, மேல ஏத்தாத...” இவ்வளவுதானே? இதைச் சொல்ல என்ன கேடு எனக்கு? சொன்னால் அந்த டிரைவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பக்கத்துத் தெருக்காரன் காதுக்கும் போகும். இந்த அற்பக் காரணத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

போர்க் இல்லாமலே பெட்டியை மூடினேன். அதோடு நின்றிருந்தால்கூட என்னை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேனோ என்னவோ.

பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. லீவர் விழும்போது கேட்கும் ‘டக்’ அவை எழுப்புவதுதான்; போர்க் இல்லாவிட்டாலும் கேட்கும். அவற்றை வெளியே எடுத்து வைத்திருந்தால் லீவர் தொளதொளவென்று ஆடியிருக்கும். செல்லப்பாண்டி கை வைத்தவுடனே, “என்னண்ணே இது?” என்று கேட்டிருப்பான். கேட்டுவிடக் கூடாதே என்றுதான்... அந்தக் குண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பவும் உள்ளே போட்டேன். சுத்தியல் அடி அவசரத்தில் நடந்தது. இதை நான் யோசித்துச் செய்தேன்.

அவன் வந்து உட்கார்ந்து லீவரைத் தள்ளினான். டக்.

“விழுந்திருச்சுண்ணே” என்று சிரித்தான்.

“விழாம எங்கடா போகும்?” என்றேன்.

மழைக்கு அறிகுறியே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காய்ந்த தடத்தில் முன்சக்கரத்துக்கு வேலை இல்லை. சாமான் வந்ததும், எண்ணெய் பார்க்க வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் மாட்டிவிடலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது! மறுநாள் காலை ஜீப்பு பட்டறையைக் கடந்தபோது, பின்னால் தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“என்ன மாமா, ஒழுகாம அடைச்சிட்டீகளா? உங்க தம்பி ஒரே பெருமை!”

நான் கையை ஆட்டினேன். அப்போதாவது ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டாமா? மலைமேல் மேகம் இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

குரங்கணிக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. செங்குத்தான ஒரு வளைவில், தன் வழக்கப்படி அவன் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ஏறி, லீவரைத் தள்ளியிருக்கிறான். சத்தம் கேட்டிருக்கிறது. அதை நம்பி ஏற்றினான். பின்சக்கரங்கள் சேற்றில் சும்மா சுற்ற, வண்டி பின்பக்கமாகச் சறுக்கியது. மற்ற பெண்கள் குதித்துவிட்டார்கள். உர மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளால் முடியவில்லை; வண்டியோடு பள்ளத்துக்குள் போய்விட்டாள்.

வண்டியை மேலே இழுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தது ஜீப்பு. உள்ளே எட்டிப் பார்த்தேன். சின்ன லீவர் முன்னால்தான் இருந்தது! அவன் போட்டிருந்தான்... ஒழுங்காகப் போட்டிருந்தான்.

சுற்றிலும் யாரும் இல்லை. கையை நீட்டி லீவரைப் பின்னுக்கு இழுத்தேன். டக்.

மேலே ஏறி வந்ததும் போலீஸ்காரர் கேட்டார். “வண்டியில ஏதும் கோளாறாப்பா?”

“கோளாறு ஒண்ணுமில்ல சார். ஃபோர்வீல் போட்டிருந்தா ஏறியிருக்கும்.”

முறிந்த காலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த செல்லப்பாண்டி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

“அண்ணே, நான் லீவரப் போட்டேன்ல? சத்தம் கேட்டுச்சே...”

“இல்லப்பா. பின்னாடிதான் கெடந்துச்சு. நான்தான் பார்த்தேன்.”

அவன் லீவர் தள்ளும் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “அப்ப எனக்குத்தான் அப்படித் தோணியிருக்கு” என்றான். என் பேச்சை நம்பி அவன் தன் காதையே நம்பாமல் போனான்.

மதுரையிலிருந்து சாமான் வந்து சேர்ந்தது. நொறுங்கிய ஜீப்பு பழுதுக்கு என் பட்டறைக்கே வந்தது. புதுப் போர்க்கை மாட்டினேன். உடைந்ததைக் கொட்டக்குடி ஆற்றில் எறிந்தேன். அந்த வண்டி இன்றும் நாலு சக்கரமும் இழுக்க மலையேறிக்கொண்டுதான் இருக்கிறது.

அதன்பின் செல்லப்பாண்டியை நம்பி யாரும் வண்டி கொடுக்கவில்லை. நானே பட்டறையில் சேர்த்துக்கொண்டேன். சாமான் கழுவுவான், நட்டு முடுக்குவான். என்னைப் போல இளகின மனசு யாருக்கு வரும் என்று ஊரே மெச்சுகிறது! அந்த மெச்சுதலை நான் மறுத்ததில்லை, கேவலம், சில நேரம் அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

அவன் மகள் வசந்தி தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பனோடு பேச்சில்லை. சென்ற மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிவானது. பட்டறைக்கு வந்தாள். அப்பன் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

“பெரியப்பா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு அப்பா லீவரப் போடலையா? நான் வீட்ல இருந்தப்ப, சத்தம் கேட்டுச்சுன்னு தூக்கத்துல பெனாத்துவாரு. நீங்க நேர்ல பார்த்தவுக. அவரு மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே காலைத் தொட்டுக் கூட்டிட்டுப் போறேன்.”

கெஞ்சினாள்... அந்தப் பெண் என்னிடம் கெஞ்சினாள்! தன் அப்பனைத் திரும்பத் தா என்று கேட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெயிலுக்குப் போயிருப்பேன். போனால்தான் என்ன?

“போட்டிருந்தா வண்டி ஏறியிருக்கும்மா” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப நீங்களும் பெரியம்மாவும்தான் மணவறையில நின்னு தாரை வார்க்கணும்” என்றாள்.

வார்த்தேன். செல்லப்பாண்டியும் பேச்சியம்மாளும் நிற்க வேண்டிய இடத்தில், வேட்டி துண்டோடு, என் மனைவி தண்ணீர் ஊற்ற, வசந்தியின் கையைப் பிடித்துக் கொடுத்தேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களிடம் சொல்ல முடிகிறது. நீங்கள் செல்லப்பாண்டி அல்லவே. முன்பின் தெரியாத உங்களிடம் இத்தனை பக்கம் பேசுகிறவன், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் ஒரு வரி பேச மாட்டேன் என்கிறேன். என்னை என்னவென்று சொல்வீர்கள்?

தாரை வார்த்த கையோடு பட்டறைக்கு வந்தேன். செல்லப்பாண்டி மட்டும் இருந்தான். கல்யாணம் எப்படி நடந்தது என்று அவன் கேட்கவில்லை. பழுதுக்கு வந்து நின்ற ஒரு பழைய ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தான். எந்த ஜீப்பு வந்தாலும் அப்படித்தான் செய்வான்.

லீவரைத் தள்ளினான். டக்.

“அண்ணே, விழுந்திருச்சா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

குனிந்து பார்த்தேன்.

“விழுந்திருச்சுப்பா” என்றேன்.