கல்யாணத்துக்குப் பிடுங்கிய வெங்காயத்தாள்

கல்யாணம் தள்ளிப்போகலாம். மண்ணிலிருந்து பிடுங்கிய வெங்காயத்தாள் தள்ளிப்போகுமா?

போன சனிக்கிழமை காலையில் எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்ற பிரச்சினை இதுதான். கொண்டு வந்தவள் செல்வி.

உயிலங்குளத்தில் எங்கள் பக்கத்து வளவுக்காரி. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளைகளோடு ஊர் திரும்பியவள். ஆள் வந்து சேர்ந்துவிட்டாலும் அவள் பேச்சு இன்னும் ராமேஸ்வரத்தைத் தாண்டவில்லை.

டவுனில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரின் துண்டுக் காணியில்தான் அவளுடைய பயிர். “ஒருக்கா செய்து பார். சரிவராட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவன்” என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வெங்காயத்தாள் பொறுமை இல்லாத பயிர். சின்ன வெங்காயத்தை நெருக்கமாக நட்டு, தவறாமல் தண்ணீர் ஊற்றி, அடியில் வெங்காயம் திரளும் முன்னமே தாளோடு பிடுங்கிவிட வேண்டும். பிந்தினால் முற்றிவிடும். பிடுங்கிவிட்டாலோ... மன்னார் வெயில் ஒரு பகல் போதும், வாடிச் சரிய.

கல்யாணச் சமையல்காரர் ஒருவர் ஃபிரைட் ரைஸுக்கென்று பாத்தி முழுவதையும் கேட்டிருந்தார். வெள்ளி பின்னேரம் செல்வி பாத்தியை நனைத்து, மண்ணை இளக்கி, அத்தனையையும் பிடுங்கினாள். வேரைக் கழுவி, பழுத்த தாளை உரித்து, வாழைநாரால் கட்டுக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். விடிந்ததும் போன் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் லீவு கிடைக்கவில்லையாம். கல்யாணம் அடுத்த மாதமாம்.

“ஏதாச்சும் பண்ணணும்ணே. இது வீணாப் போனா நெலமும் போயிரும்” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

பாதி மூட்டை என் மோட்டார்சைக்கிளில், மீதி அவளோடு பஸ்ஸில். மன்னார்ச் சந்தையில் ஓர் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். வாரா வாரம் எழுதி இந்தப் பத்திரிகைப் பக்கத்தை நிரப்புகிறவன் நான். நாலு வார்த்தை பேசி ஒரு கட்டு விற்க மாட்டேனா?

மாட்டேன் என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது.

ஓர் அம்மா நின்றார். “உது என்ன, லீக்ஸ் குஞ்சோ?”

லீக்ஸ் இதைவிடத் தடித்த வேறு தாள் என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நடவு, மண், விட்டமின்... நிமிர்ந்து பார்த்தால் அம்மா தக்காளிக் கடையில் நின்றார்.

செல்வியும் கூவிப் பார்த்தாள். “வாங்கம்மா, ஃபிரெஷ்ஷா இருக்கு, பாருங்க.” பார்த்தார்கள். போனார்கள். வெயில் ஏற ஏற, சாக்கில் அவள் தெளிக்கும் தண்ணீரும் கூடிக்கொண்டே போனது.

எதிரே கருவாடும் கூனியும் விற்கும் மதலேனாக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கூனி தெரியும்தானே? உலர்த்திய பொடி இறால். எங்கள் கரையில் அது இல்லாத சமையலறை குறைவு.

“பிள்ளை, இதை எப்பிடிச் சமைக்கிற நீ?” என்று செல்வியைக் கேட்டார்.

“முகாம்ல முட்டையில போடுவோம்க்கா. கூனி கெடைச்சா அதோட வறுப்போம். கடைசியாத் தாளை வெட்டிப் போட்டு, ஒரு பெரட்டுப் பெரட்டி எறக்கிரணும்.”

மதலேனாக்கா எழுந்து வந்தார். ஒரு தாளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

“உதை ஏன் அங்க வச்சிருக்கிறாய்? கொண்டந்து என்ர கூனிக்குப் பக்கத்தில வை.”

வைத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கூனியை நிறுத்துக்கொண்டே மதலேனாக்கா சொன்னார்: “இதோட உந்தத் தாளையும் வெட்டிப் போட்டு வறுத்துப் பாருங்கோ. இறக்கேக்க தேசிக்காய் பிழிஞ்சு விடுங்கோ.” அவ்வளவுதான். விட்டமின் இல்லை, விளக்கம் இல்லை. கூனி வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் தாளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் தாளுக்காகக் கூனி வாங்கினார்கள். மதலேனாக்காவுக்கும் நட்டமில்லை.

நல்ல பொருள் தானாக விலைபோகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. பொருளுக்கும் நல்ல அயல் அமைய வேண்டியிருக்கிறது. எங்கோ வளர்ந்து இங்கே வந்து சேரும் மனிதர்களுக்கும் அப்படித்தானோ?

மத்தியானத்துக்குள் சாக்கு வெறுமையாகிவிட்டது. செல்வி அங்கே நின்றே காணிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கேட்க, “ஓம்... ஓம். எல்லாம் வித்துருச்சு” என்றாள். பிறகு அவள் முகம் மெல்ல விரிந்தது.

“அடுத்த நடவையும் செய்யட்டாம்ணே.”

மதலேனாக்கா ஒரு பை கூனியை அவள் கையில் திணித்தார். “கிழமைக்கு ரெண்டு தரம் கொண்டா. மொத்தமாப் பிடுங்காதை, விளங்கிச்சோ?”

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், நீங்கள் எத்தனை கட்டு விற்றீர்கள் என்று.

ஒன்று. வாங்கியவனும் நான்தான்.