விற்மோர் வீட்டுப் பசு

பெரியப்பாவின் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு வம்ச வரைபடம் மாட்டியிருந்தது. கண்ணாடி போட்ட சட்டம், கதவளவு உயரம். அதை அவருக்காகக் கணினியில் வரைந்து கொடுத்தது நான். உச்சியில், தடித்த எழுத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர் இருந்தது: விற்மோர். அமெரிக்கா இன்னும் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்தில் கப்பலேறிப் போய்க் காடு வெட்டி வீடு கட்டியவர். அவருக்குக் கீழே மனைவிமார், பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று பெட்டிகள் பெருகி இறங்கும். கீழ் மூலையில் யாழ்ப்பாணத்து விற்மோர்கள் தொடங்குவார்கள். கடைசி வரிசையில் பெரியப்பா, அப்பா, நாங்கள்.

எங்கள் குடும்பப் பெயர் அதுதான். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய முன்னோர் மறுபடி சைவத்துக்கு வந்தபோதும் பெயர் மட்டும் கழலவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது ஐயர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். மிஷனோடு வந்த ஒரு விற்மோர் எங்கள் ஊரில் கலியாணம் கட்டினார் என்பது வீட்டுக் கதை. யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. என் தொழில் தரவுத்தளங்களோடு. ஆதாரமில்லாத ஓர் உறவை என்னால் முழுக்கோடாகப் போட முடியாது. அதனால் அமெரிக்க விற்மோர்களையும் எங்கள் முதல் விற்மோரையும் புள்ளிக்கோட்டால்தான் இணைத்திருந்தேன். பெரியப்பாவுக்கு அந்தப் புள்ளிகள் உறுத்திக்கொண்டே இருந்தன.

தபால் தரம்பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு உச்சியிலிருந்த அந்த வெள்ளைக்காரரே முழுநேர வேலையானார். அமெரிக்காவில் விற்மோர் வம்சத்தாருக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளரான முதிய பெண்மணி கேட்டதையெல்லாம் அனுப்பிவைத்தார். முதல் மனைவி முதல் பனிக்காலத்திலேயே இறந்தது, இரண்டாம் மனைவி அடுத்த பண்ணைக்காரரின் விதவை, இளைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதது, மரண சாசனத்தில் மூத்த மகளுக்குச் சிவப்புப் பசுவை எழுதிவைத்தது எல்லாம் பெரியப்பாவுக்கு மனப்பாடம். பசுவுக்குக்கூடப் பெயர் இருந்தது. செர்ரி. வெஸ்ட்மீட்டில் அவர் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவரும் செர்ரியைத் தெரியாமல் திரும்பியதில்லை.

"அவரும் எங்களை மாதிரித்தான் பிள்ளை. ஊரை விட்டு வந்து வேற மண்ணில வேர் பிடிச்சவர்," என்பார். அந்த மண்ணில் அதற்கு முன்பு இருந்தவர்கள் யாரென்று ஒருமுறை கேட்டேன். "நீ கேள்வி கேக்கவே பிறந்தனி," என்றுவிட்டுப் பெரியம்மாவைத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

அந்தச் சங்கம் வம்ச ஒன்றுகூடல் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. பெரியப்பா போக முடிவெடுத்தார். குளிருக்குக் கோட்டும் வாங்கியாகிவிட்டது. உறுப்பினராவதற்கு இரத்த உறவு உறுதியாக வேண்டும். "அந்தப் புள்ளியளை ஒருக்கா ஒண்டாச் சேர்த்துவிடன் பிள்ளை, ஆர் பாக்கப்போகினம்?" என்றார். மாட்டேன் என்றேன். கடைசியில் செயலாளரிடமே கேட்டுவிடுவது என்று முடிவாகி, ஒரு ஞாயிறு காலை காணொளி அழைப்புக்காகக் கணினி முன்னால் அமர்ந்தோம். பெரியப்பா புதுக் கோட்டைப் போட்டிருந்தார்.

அந்தப் பெண்மணி கனிவாகத்தான் பேசினார். விற்மோர்களில் எவரும் இலங்கைக்குப் போகவில்லை. அவர்களின் குடும்பத்தில் ஒரு தாய் தன் சிறு மகனைப் பறிகொடுத்தாள். மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவர்கள் அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கலாம் என்பது அந்நாளைய வழக்கம். அவள் பணம் அனுப்பி, இறந்த மகனின் பெயரை வைக்கச் சொன்னாள். அப்படிப் பெயர் பெற்ற விடுதிப் பையன்தான் எங்கள் முதல் விற்மோர். கணக்கில் கெட்டிக்காரன் என்று மிஷன் அவளுக்கு எழுதியதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

பெரியப்பா அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றார் அந்தப் பெண்மணி. தாய் தகப்பன் பெயரும் இல்லை.

பெரியப்பாவின் மகன் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, சோ, நாங்க ஸ்பொன்சர் பிள்ளையள்," என்று சிரித்தான். பெரியம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். பெரியப்பா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அதை அவர் மறுபடி போட்டு நான் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபம் பெரியப்பா மீதா, மிஷன் மீதா, அந்தத் தாய் மீதா என்று எனக்கே பிடிபடவில்லை. முதலில் அந்தப் படத்தைக் கழற்ற வேண்டும், இரண்டாவதாகப் பையனை உச்சியில் வைத்துப் புதிதாக வரைய வேண்டும், மூன்றாவதாக அவன் பெற்றோருக்கு வெற்றுப் பெட்டிகள் போட வேண்டும் என்றேன். "வெறும் பெட்டியை மாட்டி வைச்சு ஆருக்குக் காட்டுறது?" என்றார் பெரியப்பா. படம் அங்கேயே இருந்தது. ஆனால் வருகிறவர்களுக்கு அவர் அதைக் காட்டுவதை நிறுத்திவிட்டார். நான் ஆவணக் காப்பகங்களுக்கு எழுதினேன். மரியாதையான பதில்கள் வந்தன. எல்லாவற்றிலும் இருந்தது பையனுக்கு மிஷனில் வைத்த பெயர் மட்டும்தான்.

நான் மெல்பனுக்கு மாறிய பிறகு ஒரு சனிக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் எல்லோருக்கும் அர்ச்சனை முடிந்த பிறகும் பெரியப்பா நகரவில்லை. கையில் இன்னொரு அர்ச்சனைச் சீட்டு இருந்தது. ஐயர் பெயர் கேட்டார்.

"தெரியாது ஐயா."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. ஒரு சின்னப் பெடியன். சுவாமியின்ர பேரிலயே செய்து விடுங்கோ."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஐயர் வேறெதுவும் கேட்காமல் பூவை எடுத்தார். காரில் திரும்பும்போது அதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவர் வானொலிச் சத்தத்தைக் கூட்டினார்.

போன வருடம் பெரியப்பா தவறினார். வீட்டை விற்கும்போது அவர் மகன் படத்தை மெல்பனில், வெரிபீயிலிருக்கும் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். இன்னும் மாட்டவில்லை, சாப்பாட்டு மேசை மீது கிடக்கிறது. கணினியில் புதிதாக வரையத் தொடங்கி, பையனுக்கு மேலே ஒரு பெட்டி போட்டால், பெயரில்லாமல் அந்த மென்பொருள் அதைச் சேமிக்க மறுக்கிறது. நான் தினமும் கட்டித் தருவதும் இப்படி மறுக்கிற அமைப்புகளைத்தான். அப்படியே மூடிவிட்டு, மேசையிலிருக்கும் படத்தைப் பார்க்கிறேன். விற்மோரின் மூத்த மகளுடைய பெட்டிக்குள், பெரியப்பா வற்புறுத்தியதால் நான் சின்ன எழுத்தில் சேர்த்த சிவப்புப் பசுவின் குறிப்பு இருக்கிறது. அந்தப் பசுவின் பெயர் எனக்குத் தெரியும்.