ஏழாவது பாட்டு

எங்கள் குழுவின் முதல் ஆல்பத்தில் ஆறு பாட்டுகள்தான். ஏழாவதாக ஒன்று இருந்தது. அதைப் பாடியது என் அம்மா.

நாங்கள் நாலு பேர். கிடார் வாசிக்கும் நண்பனின் அத்தா கள்ளக்குறிச்சி கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே சரக்கு அடுக்கிய அறைதான் எங்கள் ஸ்டுடியோ. செருப்புப் பெட்டிகள் எதிரொலியை நன்றாக இழுத்துக்கொள்ளும். சினிமாப் பாட்டு பாடுவதில்லை என்று வீறாப்பாக இருந்ததால் திருவிழாக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்த ஆல்பத்தை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கடைசிப் பாட்டாக ஓர் ஒப்பாரி வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் ஊர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அம்மாவுக்கு ஆள் வரும். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார, அம்மா அடியெடுத்துக் கொடுப்பாள். மனப்பாடமெல்லாம் கிடையாது. கிடத்தியிருப்பவரின் முகத்தைப் பார்த்ததும் வருவதுதான் பாட்டு.

கேட்டதும் அம்மா சீறினாள். "சாவு வுழாத வூட்ல ஒப்பாரி பாட்றதா? இன்னாடா, வெளையாட்டா இருக்கா உனக்கு?"

சும்மா பாடினால் சாவு ஆளைத் தேடிக்கொண்டு வரும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நான் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. இரண்டு மாதம் நச்சரித்தேன். வீட்டில்தானே பாடக்கூடாது, உறவு சனம் யாரும் இல்லாத கல்வராயன் மலைக்குப் போய்ப் பாடலாமே என்று குறுக்குவழியும் சொன்னேன்.

"மலைமேலன்னா சரி. ஒரே தபாதான்" என்றாள். மனதார ஒப்புக்கொள்ளவில்லை. மகன் கேட்கிறானே என்றுதான் வந்தாள்.

கரியாலூரைத் தாண்டி, அறுவடைக்குப் பின் காலியாகக் கிடந்த கொட்டகை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். மைக், லேப்டாப் எல்லாம் வைத்தாயிற்று. அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள். பாட்டு வரவில்லை.

"மொகம் இல்லாம எப்டிடா? யாருக்குன்னு பாட்றது?"

"அப்பாவ நெனச்சிக்கம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அன்று காலைதான் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். குத்துக்கல் மாதிரி இருந்த மனிதர். அம்மா என்னை முறைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பதினோரு நிமிடம் பாடினாள். தப்பு மேளம் அடிக்க வேண்டியவன் குச்சியை மடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. இந்த ஒரு பாட்டு போதும், நம்மை யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மற்ற ஆறையும் முடித்த பிறகு நிதானமாகப் போட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன்.

பஸ்ஸில் மலையிறங்கி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா, டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இன்னா, மலையில பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" என்று அப்பா சிரித்தார்.

அதிலிருந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அப்பா கரும்புத் தோட்டத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். ரத்தக்குழாயில் ரொம்ப நாளாக அடைப்பு இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதை அம்மாவிடம் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவள் காதில் ஏறவில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அம்மா அடியெடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் அழுதவ, கட்னவனுக்கு வாயத் தொறக்கறாளா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. குனிந்து, "அழும்மா" என்றேன்.

"வாயத் தொறந்தா அன்னிக்குப் பாடினதுதான்டா வருது. அத எப்டி இப்பப் பாடுவேன்?" என்றாள் என் காதோடு. பாட்டு இல்லாமலேயே அப்பாவைத் தூக்கினோம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காரியம் முடிந்த மறுநாளே மாடி அறைக்குப் போனேன். "அதை அழி" என்றேன்.

கிடார்காரன் தயங்கினான். "ஆல்பத்துல வேணாம்டா, சரி. ஒரு காப்பி மட்டும் இருக்கட்டும்."

"உனக்கு அம்மா இல்லையாடா?" என்று கத்தினேன். ஹார்டு டிஸ்க், எல்லோருடைய போன் என்று ஒன்று விடாமல் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன். ஆறு பாட்டோடு ஆல்பம் வந்தது. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்பாவின் முதல் வருஷத் திதி அன்று, படையலை எடுத்து வைத்த பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மலையில பாடினேன்ல, அத போடுடா. கேக்கணும்."

"அது இப்ப இல்லம்மா. அப்பவே அழிச்சிட்டேன்" என்றேன். நிம்மதியடைவாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "அழிச்சிட்டியா? உங்கப்பாவுக்குன்னு நான் அழுதது அது ஒன்னுதானடா."

பிறகு அவளே கேட்டாள். "எனக்கு இப்ப ஒரு அடிகூட நெனப்பு வரலடா. நீ எதிர்லதான இருந்த. இன்னா பாடினேன், சொல்லு."

எனக்கும் ஒரு வரிகூடத் தெரியவில்லை. அந்தப் பதினோரு நிமிடமும், பதிவாகிற சத்தம் சிவப்புக் கோட்டுக்கு மேலே போய்க் கெட்டுவிடக் கூடாதே என்று நான் லேப்டாப் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.