இறக்கைக்குள் மூன்று தட்டு

நான் குடித்துவிட்டு உளறுகிறேன் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லட்டும். அன்று காபியைத் தவிர எதுவும் என் தொண்டையில் இறங்கவில்லை. நடந்தது நடந்ததுதான். கடைசிப் பகுதியைக் கூட்டமே கண்ணால் பார்த்தது.

என் பெயர் ரோஸ்விதா. லின்டன்டால் அருங்காட்சியகத்தில் பழைய நெகட்டிவ்களை அச்சுப் போடுவது என் வேலை. தலைவர் ஃபோல்க்மார், என் தாய்மாமன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எங்கள் மலைச் சுரங்கத்துக்குள் போர் விமானம் செய்தார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் கைதிகள். படம் பிடித்தவர் மாமாவின் அப்பா, என் தாத்தா. படத்தில் கைதிகள் தெரியக் கூடாது என்பது அன்றைய உத்தரவு. அதனால் நெகட்டிவில் அவர்கள் முகத்தின் மேல் சிவப்புச் சாயம் பூசிவிடுவார். அச்சில் அந்த இடம் வெறும் வெள்ளையாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறப்பு. முக்கியமான படம் ஒன்று. நிமிர்த்தி வைத்த இறக்கை, வெளியே தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் மேஸ்திரி, இறக்கையில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையில் சிவப்புச் சாயம்.

"கழுவிடறேன் மாமா. ஈரப்பஞ்சு பட்டாலே போயிடும்."

"கை வச்சே, நாளையிலருந்து வேலைக்கு வராதே. ஜனங்க விமானத்தைப் பார்க்க வர்றாங்க. பஞ்சப் பரதேசிங்களை இல்ல."

"அவங்க செஞ்ச விமானம்தானே?"

"வாய்க்கொழுப்பு. அப்படியே உங்கம்மா."

வேலை போனால் எனக்கு வேறு வழி கிடையாது. இருந்தாலும் எரிச்சலாக இருந்தது. உள்ளே இருக்கும் ஆளை இரண்டாவது தடவை மூடச் சொல்கிறார்.

வியாழன், மாலை நாலு பத்து. நவம்பர் என்பதால் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கட்டடத்தில் நான் மட்டும். இருட்டறையில் சிவப்பு விளக்கு. சாயத்தோடேயே முதல் அச்சைப் போட்டு மருந்துத் தட்டில் இறக்கினேன். மேஸ்திரி வந்தார். இறக்கை வந்தது. ஓட்டையில் வெள்ளை.

டொக்... டொக்... டொக்.

பக்கத்து அறையிலிருந்து. அங்கே ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சுரங்கத்தில் கிடந்து, பறக்காமலே போன ஓர் இறக்கை. கண்காட்சியில் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கவிடப் போகிறார்கள்.

எலியாக இருக்கும் என்று நினைத்தேன். அச்சில் ஒரு கீறல் விழுந்திருந்தது. குப்பைக் கூடையில் போட்டுவிட்டு இன்னொன்று போட்டேன்.

மேஸ்திரி. இறக்கை. வெள்ளை.

வெள்ளைக்குள்... விரல்கள்.

நான்கு விரல்கள். ஓட்டையின் விளிம்பை உள்ளேயிருந்து பிடித்திருந்தன.

டொக்... டொக்... டொக்.

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். பிறவிக் குணம். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். இறக்கை மரத்தாங்கியில் கிடந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன்.

காலி.

தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஐஸ்.

டொக். டொக். டொக்.

என் கைக்கு நேர் கீழே.

கையை வெடுக்கென்று எடுத்தேன். வாய் மட்டும் அடங்கவில்லை. "சரி. கழுவறேன். வேலை போனா போகட்டும்."

கழுவினேன். பஞ்சு ரத்தமாகச் சிவந்தது. மூன்றாவது அச்சில் அவள் வந்தாள். மொட்டைத் தலை. ஒட்டிய கன்னம். இறக்கைக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, கையில் இரும்புக் கட்டையோடு, கேமராவை நேராகப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. 'என்னடா பார்க்கிறே' என்று கேட்கும் பார்வை.

அதன்பின் சத்தமே இல்லை.

அவளை நானே சட்டம் போட்டு மாட்டினேன். ஞாயிறு காலை வந்து பார்த்தால் அவள் இல்லை. தொங்கும் இறக்கைக்குக் கீழே வெள்ளை ஓட்டைப் படம். குப்பையில் போட்டதைப் பொறுக்கி மாட்டியிருக்கிறார் மாமா.

"இதை எடுங்க மாமா."

"ஊர் முன்னாடி தகராறு பண்ணாதே. நாளைக்கு உன் கணக்கை முடிச்சுடறேன்."

கூட்டம் கூடியது. பதினொன்று இருபது. மாமா படத்தின் முன் நின்று பேச வாயெடுத்தார்.

டொக்... டொக்.

தலைக்கு மேலே, இறக்கைக்குள்ளிருந்து. எல்லோருக்கும் கேட்டது.

மாமா சிரித்தார். "பார்த்தீங்களா, இறக்கையே ஆசீர்வாதம் பண்ணுது. ரிவெட் அடிக்கறப்போ அதோட உள்முனையை நசுக்க உள்ளே கட்டை பிடிக்கற ஆள் இப்படித்தான் தட்டுவாங்களாம். எங்கப்பா சொல்வார். ரெண்டு தட்டினா, சரியா இருக்கு. மூணு தட்டினா, கெட்டுப்போச்சு, பிடுங்கிட்டுத் திரும்ப அடி."

மூணு. வியாழன் மாலை நான் கேட்டதும் மூணுதான்.

யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். போக்னா என்ற வயதான அம்மாள். போலந்திலிருந்து வந்திருந்தார். அவருடைய தாயும் அந்தச் சுரங்கத்தில் கைதி.

"ஏம்மா, அந்த ஆளை அங்கேருந்து வரச் சொல்லு."

"ஏன்?"

"எங்கம்மா இறக்கைக்குள்ளே கட்டை பிடிச்சவங்க. வேணும்னே கெடுத்துட்டு ரெண்டு தட்டுவாங்களாம். மேஸ்திரிக்கு ரெண்டு. உண்மையான மூணு தட்டு தங்களுக்குள்ளே மட்டும்."

டிங்.

தரையில் ஒரு ரிவெட் விழுந்து உருண்டது.

டிங்... டிங்.

"மாமா, இங்கே வாங்க."

"பேசிட்டிருக்கேன் இல்ல?"

பாய்ந்து கோட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம்.

இறக்கையும் விழுந்தது. அவர் நின்ற இடத்தில். படம் நொறுங்கியது.

பிறகு ஆட்கள் வந்து பிரித்துப் பார்த்தார்கள். சங்கிலி மாட்டிய வரிசையில் ஒரு ரிவெட்டின் உள்முனைகூட நசுங்கவில்லை. வெறும் பெயின்ட்தான் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது. படத்திலும் அதே இறக்கைதான். முனையில் அதே பள்ளம்.

மாமா கழற்றி வைத்திருந்த என் அச்சைப் பார்த்துப் போக்னா பெயர் சொன்னார். யாத்விகா. தாயிடமிருந்த ஒரு படத்தில் பார்த்த முகமாம். இறக்கைப் படம் எடுத்த அதே மாதம் அவளைச் சுரங்கத்திலேயே தூக்கில் போட்டார்கள். இரண்டு தட்டின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாமா என் கணக்கை முடிக்கவில்லை. அந்த அறைப் பக்கமே வருவதில்லை. யாத்விகா இப்போது சுவரில், பெயரோடு. எவனாவது மறுபடி சாயம் பூசட்டும், பார்க்கலாம்.

யார் தட்டியது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாமாவுக்கு இரண்டு தட்டினாள். எனக்கு மூன்று.